வெசனம் வந்தா யாருக்குப் போன் போடறது?

நம்ம பக்கத்தில் யாரும் வீட்டில் 'டிப்ரஷன்' என்று சொல்வதில்லை. 'என்னமோ வெசனமா இருக்குதுங்க' என்பார்கள். பத்தொன்பது வயதுப் பையன் என்றால் அதுவும் சொல்லமாட்டான். சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவான். வாய் திறந்து சொன்னாலும் கிடைக்கிற பதில் அனேகமாக ஒன்றுதான்: 'கம்முனு இரு, எல்லாம் சரியாப் போயிரும்.'

மனநல உதவிக்கான 14416 என்ற எண் இப்போது கல்லூரி நோட்டீஸ் போர்டிலும், பஸ் ஸ்டாண்டுச் சுவரிலும், செய்திகளின் கடைசி வரியிலும் இருக்கிறது. எண் தெரியாததால் பேசாமல் இருக்கும் பிள்ளைகள் குறைவு. அழுத்தினால் யார் எடுப்பார்கள், முதலில் என்ன கேட்பார்கள், அப்பாவுக்குத் தெரிந்துவிடுமா, 'எனக்கு இது ஆச்சு' என்று எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாததால் பேசாமல் இருப்பவர்களே அதிகம். விழிப்புணர்வுக் கூட்டங்களில் இதைச் சொல்லித் தருவதில்லை. குத்துவிளக்கு ஏற்றுவார்கள், உறுதிமொழி எடுப்பார்கள், 'தயங்காமல் அழையுங்கள்' என்று முடித்துவிடுவார்கள். தயக்கம் முதல் ஒரு நிமிடத்தில்தான் இருக்கிறது. அந்த ஒரு நிமிடத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டால் மிச்சம் தானாக நடக்கும்.

எந்த எண், எதற்கு

14416 டெலி மானஸ் எண். மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று, உலக மனநல நாளில் தொடங்கியது. பெங்களூரில் உள்ள மத்திய அரசின் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ்தான் இதற்குத் தலைமை. தமிழ்நாட்டில் இதே எண்ணில் 'நட்புடன் உங்களோடு மனநல சேவை' என்ற பெயரில் மாநில அரசு நடத்துகிறது. 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் கிடையாது. அந்த எண் போகவில்லை என்றால் 1800 891 4416. எடுப்பவர் பயிற்சி பெற்ற ஆலோசகர். தேவைப்பட்டால் அங்கிருந்தே மனநல மருத்துவரிடம் இணைப்பார்கள்.

104 தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி எண். காய்ச்சலுக்கு என்ன செய்வது என்று கேட்பவர்களும் இதற்குத்தான் கூப்பிடுகிறார்கள், தேர்வு பயத்துக்கும் இதே எண்தான். 'மனநல எண்ணுக்கா கூப்பிட்ட?' என்ற கேள்விக்கு அஞ்சுகிறவர்களுக்கு 104 கொஞ்சம் வசதி. ஆஸ்பத்திரி எண் என்று சொல்லிக்கொள்ளலாம்.

சிநேகா, 044 24640050. 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு மையம். இங்கே எடுப்பவர்கள் தன்னார்வலர்கள். மாத்திரை சொல்லமாட்டார்கள், புத்திமதி சொல்லமாட்டார்கள். கேட்பார்கள், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' சில இரவுகளில் மாத்திரையைவிடப் பெரிது. இது சாதாரணச் சென்னை எண், இலவச எண் இல்லை. அன்லிமிடெட் பேக் போட்டிருந்தால் தனியாகக் காசு போகாது.

பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் 1098. அடி, மிரட்டல், கட்டாயக் கல்யாணம், வேலைக்கு அனுப்புவது, தொடக்கூடாத இடத்தில் தொடுவது எல்லாவற்றுக்கும் அதுதான். பெண்களுக்கு 181 உண்டு. குடி, கஞ்சா, மாத்திரைப் பழக்கம் என்றால் 14446.

இத்தனையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. 14416 ஒன்றை மட்டும் சேமித்து வையுங்கள். 'மனநலம்' என்ற பெயரில் சேமிக்க வேண்டும் என்று சட்டமா இருக்கிறது? 'ஜெராக்ஸ் கடை' என்று போட்டுக்கொண்டாலும் போன் போகும்.

அழுத்துவதற்கு முன்னால்

இடம் முக்கியம். கூட்டுக்குடும்ப வீட்டில், ஒரே ஹாலில் ஆறு பேர் படுக்கிற லைன் வீட்டில், எட்டுப் பேர் தங்கும் பனியன் கம்பெனி ரூமில் தனியாகப் பேச இடம் கிடைப்பதே கஷ்டம். தோட்டம் இருந்தால் மோட்டார் ரூம் பக்கம் போகலாம், ஆனால் மோட்டார் ஓடும்போது வேண்டாம். எதிர்முனைக்கு உங்கள் குரல் கேட்காது, 'சத்தமாப் பேசுங்க' என்பார்கள், சத்தமாகப் பேசக்கூடிய விஷயமாக அது இருக்காது. மாடி, கோயில் மண்டபத்தின் பின்பக்கம், கல்லூரி கிரவுண்டின் கடைசி, நிறுத்தி வைத்த காருக்குள். பஸ்ஸில் வேண்டாம். பொள்ளாச்சி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் உங்கள் அப்பாவுக்குத் தூரத்துப் பங்காளியாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

வால்பாறை, பர்கூர், தாளவாடி, கொல்லிமலைப் பக்கம் சிக்னல் வந்து வந்து போகும். எந்தப் பாறை மேல் நின்றால் இரண்டு கட்டம் வருகிறது என்று அங்கே உள்ளவர்களுக்குத் தெரியும். அங்கே போய்விட்டு அழுத்துங்கள். பாதியில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும், அது அலுப்பு.

போனில் கவனிக்க வேண்டியவை மூன்று. பல ஆண்ட்ராய்டு போன்களில் எல்லா அழைப்பையும் தானாகப் பதிவு செய்யும் வசதி இருக்கிறது. அண்ணனும் நீங்களும் ஒரே போனைப் புழங்கினால் கால் செட்டிங்ஸில் போய் அதை முதலில் நிறுத்துங்கள். இரண்டாவது, இலவச எண்ணாக இருந்தாலும் 'டயல் செய்தவை' பட்டியலில் 14416 நிற்கும். பேசி முடித்ததும் அந்த ஒரு வரியை மட்டும் அழித்துவிடலாம். மொத்தப் பட்டியலையும் அழித்தால்தான் 'எதுக்கு எல்லாத்தையும் அழிச்ச?' என்ற கேள்வி வரும். மூன்றாவது, ரீசார்ஜ் முடிந்து அவுட்கோயிங் நின்றுபோன சிம்மில் 'இலவச எண்தானே' என்று நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். இன்னொருவர் போனை வாங்கிக்கொள்ளுங்கள்.

பேசிக்கொண்டிருக்கும்போது வீட்டிலிருந்து கூப்பிட்டால் 'வெயிட்டிங்' என்று போகும். பதறி இந்தப் பக்கம் வைத்துவிடாதீர்கள். 'பேசி முடிச்சுட்டுக் கூப்பிடறேன்' என்று ஒரு மெசேஜ் போதும்.

அழுத்தியபின்

முதலில் வருவது இயந்திரக் குரல். இங்கேதான் நிறையப் பேர் வைத்துவிடுகிறார்கள். மனது உடைந்து கூப்பிடும்போது 'தமிழுக்கு எண் இன்னதை அழுத்தவும்' என்று கேட்டால் வங்கிக்குப் போன் செய்த மாதிரி இருக்கும், எரிச்சல் வரும். அந்தக் குரலுக்குப் பின்னால்தான் ஆள் இருக்கிறார். மொழிக்குரிய எண்ணைக் காதில் கேட்டுவிட்டு அழுத்துங்கள், பழைய நினைப்பில் அழுத்தாதீர்கள்.

ஒரு சின்ன இடைஞ்சல் சொல்கிறேன், சிரிக்க வேண்டாம். போனைக் காதில் வைத்தால் திரை அணைந்துவிடும். எண் அழுத்த, காதிலிருந்து எடுத்து, கீபேட் படத்தைத் தொட வேண்டும். சென்சாரை மறைக்கிற மட்டமான டெம்பர் கிளாஸ் ஒட்டிய போனில் திரை கறுப்பாகவே நிற்கும், அதற்குள் நேரம் போய் அழைப்பு துண்டாகும். முதலிலேயே இயர்போன் மாட்டிக்கொண்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு அழுத்தினால் இந்தத் தொல்லை இல்லை.

கொஞ்ச நேரம் காத்திருக்கச் சொல்லலாம். இசை ஓடும். ஐந்து நிமிடம் வரை பொறுங்கள். கிடைக்கவில்லை என்றால் வைத்துவிட்டு மறுபடி போடுங்கள், அல்லது 104. எடுக்கவில்லை என்பதற்கு அந்த நேரத்தில் வேறு யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் பொருள். 'எனக்கு இதுகூடக் கிடைக்கல' என்று மனது கணக்குப் போடும். வெசனத்தில் இருக்கும் மனது எல்லாவற்றுக்கும் அப்படித்தான் கணக்குப் போடும், அந்தக் கணக்கை நம்ப வேண்டாம்.

ஆள் வந்ததும் 'சொல்லுங்க' என்பார்கள். இந்த இடத்தில்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். தயாராக ஒரு வாக்கியம் கையில் இருந்தால் போதும். சுத்தத் தமிழ் தேவையில்லை, நோயின் பெயர் தேவையில்லை. வீட்டில் பேசுகிற மாதிரியே: 'எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியலைங்க.' 'ரெண்டு வாரமாத் தூக்கம் வர்றதில்லைங்க, எது மேலயும் புடிப்பே இல்லை.' 'நெஞ்சு படபடன்னு அடிக்குதுங்க, ஈசிஜி எடுத்தா நல்லா இருக்குதுன்னு சொல்றாங்க.' 'பரீட்சை போயிருச்சு, வீட்ல சொல்லல.' 'இருக்கவே புடிக்கலைங்க.' இதில் எது உங்களுடையதோ அதைத் துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு படித்தாலும் சரிதான். அழுகை வந்தால் அழுங்கள். எதிர்முனையில் இருப்பவர் காத்திருப்பார், அது அவருடைய வேலையில் ஒரு பாகம். பேச்சே வராவிட்டால் 'இருக்கறேங்க' என்று மட்டும் சொல்லுங்கள், லைன் அறுந்துவிட்டதோ என்று அவர் நினைக்காமல் இருக்க.

பிறகு கேள்விகள் வரும். வயது, எந்த மாவட்டம், படிப்பா வேலையா. மாவட்டம் கேட்பது உங்களைக் கண்டுபிடிக்க இல்லை. பின்னால் நேரில் போக வேண்டியிருந்தால் கோவையா, பெருந்துறையா, நாமக்கல்லா என்று சொல்வதற்கு. ஆதார் எண் கேட்கமாட்டார்கள். பெயர் சொல்லப் பிடிக்காவிட்டால் 'பேர் வேண்டாங்க' என்று சொல்லலாம், கூப்பிடுவதற்கு ஏதாவது ஒரு பெயரைக் கொடுத்தால் போதும். எத்தனை நாளாக, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, முன்பு இப்படி இருந்ததுண்டா, ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா, கூட யார் இருக்கிறார்கள் என்று வரிசையாகப் போகும்.

பேச்சின் நடுவே நேராக ஒரு கேள்வி வரலாம்: 'செத்துப் போயிடலாம்னு நினைப்பு வருதா?' இதைக் கேட்டதும் பலர் ஆடிப்போய் 'இல்லைங்க, அதெல்லாம் இல்லை' என்று சொல்லிவிடுவார்கள். அப்படிக் கேட்பதால் புதிதாக அந்த நினைப்பு முளைத்துவிடாது. கேட்கப்பட்டவர்களுக்குப் பாரம் இறங்குகிறது என்பதால்தான் பயிற்சியிலேயே நேராகக் கேட்கச் சொல்லித் தருகிறார்கள். உண்மையைச் சொல்லுங்கள். 'ஆமாங்க, எப்பவாச்சும் தோணும்' என்பதற்கும் 'இன்னிக்கு முடிவு பண்ணிட்டேன்' என்பதற்கும் அவர்கள் செய்வது வேறு வேறு. முதலாவதற்குப் பேச்சு தொடரும், அடுத்து எப்போது பேசலாம், யாரைப் பார்க்கலாம் என்று போகும். இரண்டாவதற்கு, இப்போதே அருகில் இருப்பவர் யார், அவரிடம் போனைக் கொடுக்க முடியுமா, ஆபத்தான பொருள் ஏதும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் தள்ளி வர முடியுமா, எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள்.

அப்பாவுக்குத் தெரியுமா?

நேராகச் சொல்லிவிடுகிறேன். பொதுவாகத் தெரியாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கும் உரிமையைக் கொடுக்கிறது. கல்லூரிக்குத் தகவல் போகாது, வருங்கால வேலைக்கோ பாஸ்போர்ட்டுக்கோ இடைஞ்சல் வராது. 'நாளைக்குப் பொண்ணு கட்டுவாங்களா, மாப்பிள்ளை வருமா' என்ற பயம்தான் நம்ம ஊரில் எல்லாவற்றுக்கும் மேல். ஜாதகம் பார்ப்பவருக்கு இந்தப் போன் எண்ணிலிருந்து எந்தத் தகவலும் போகாது.

முக்கியமான விதிவிலக்கு இரண்டு உண்டு. மறைத்துச் சொல்வது நியாயமில்லை. உயிருக்கு உடனடி ஆபத்து என்று தெரிந்தால் உங்களைக் காப்பாற்ற மற்றவர்களைச் சேர்ப்பார்கள். இன்னொன்று, பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர் மீது பாலியல் கொடுமை என்று தெரிந்தால், 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி யாராக இருந்தாலும் காவல்துறைக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவித்தே ஆக வேண்டும். ஆலோசகருக்கும் டீச்சருக்கும் ஒரே விதி. இதைத் தெரிந்துகொண்டு பேசுவது, பேசிய பிறகு ஏமாந்ததாக நினைப்பதைவிட நல்லது.

'முயற்சி பண்ணினா போலீஸ் கேஸ் ஆயிருமே' என்ற பேச்சு இன்னும் திண்ணைகளில் ஓடுகிறது. அதே 2017 சட்டத்தின் 115-ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவே இல்லை. அரசு மருத்துவமனையில் பதிவேட்டில் எழுதுவார்கள், ஸ்டேஷனுக்குத் தகவல் போகும், ஒருவர் வந்து விசாரிப்பார். அது நடைமுறை. இதற்குப் பயந்துகொண்டு தனியார் கிளினிக் கிளினிக்காக அலைந்து நேரத்தைக் கோட்டை விடுவதுதான் ஆபத்து. ஏற்கெனவே ஏதாவது செய்துகொண்டுவிட்டார் என்றால் 14416-இல் இயந்திரக் குரலைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். 108, உடனே.

பேசினேன், ஒண்ணும் ஆகலையே

இது நியாயமான புகார். எல்லா ஆலோசகரும் ஒரே தரம் இல்லை. சிலர் மூன்றாவது நிமிடத்திலேயே 'யோகா பண்ணுங்க, பாசிட்டிவ்வா இருங்க' என்று சொல்லிவிடலாம். அப்போது 'அதெல்லாம் அப்புறம் பாக்கறேங்க, இப்ப நான் சொல்றதை முழுசாக் கேளுங்க' என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஒத்துவராவிட்டால் நன்றி சொல்லி வைத்துவிட்டு வேறு நேரத்தில் கூப்பிடுங்கள், வேறு ஆள் எடுப்பார். ஒரு பனியன் அளவு சரியில்லை என்று பனியன் போடுவதையே விட்டுவிடுவதில்லையே.

இன்னொரு ஏமாற்றம் எதிர்பார்ப்பினால் வருவது. கடனை அவர்கள் அடைக்கமாட்டார்கள், காதலித்த பெண்ணை வரவழைக்கமாட்டார்கள், அரியரை எடுத்துக் கொடுக்கமாட்டார்கள். ஒரு அழைப்பில் ஆகக்கூடியது இவ்வளவு: இன்று இரவு கடக்கும், மனதில் ஒரே கட்டியாக இருப்பது மூன்று நான்கு துண்டாகும், நாளைக்குச் செய்ய ஒரு காரியம் கையில் இருக்கும். வைப்பதற்கு முன் 'அடுத்து நான் என்ன பண்ணட்டுங்க?' என்று நீங்களே கேளுங்கள். மறுபடி அவர்களே கூப்பிடுவார்களா என்றும் கேளுங்கள். கூப்பிடுவார்கள் என்றால் எந்த நேரம் வீட்டில் பேச முடியும் என்று சொல்லிவிடுங்கள், பொழுதோட ஏழு மணிக்கு எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அந்தப் போன் அடிக்க வேண்டாம்.

விடுதிகள், மில்கள்

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோட்டுப் பக்கத்துத் தங்கிப் படிக்கும் பள்ளிகளில் பிள்ளை கையில் போன் இருக்காது. வாரம் ஒருநாள் வீட்டுக்குப் பேச விடுவார்கள், அதுவும் வார்டன் பக்கத்தில் நிற்பார். அந்தப் பிள்ளைக்கு 14416 என்ற எண் சுவரில் எழுதிய ஓவியம் மாதிரிதான். பள்ளி செய்யக்கூடியது எளிது: ஆபீஸ் ரூமில் ஒரு லேண்ட்லைன், கதவைச் சாத்திக்கொண்டு பேச அரை மணி நேரம், யார் பேசினார் என்று நோட்டில் எழுதாமை. கட்டடத்துக்குக் கோடி செலவழிக்கிறவர்கள் இதைச் செய்யலாம். மாநிலத்தில் முதலிடம் யார் என்று அறிவிப்பதை அரசு 2017-இல் நிறுத்திவிட்டது, ரோட்டோர பிளெக்ஸ்கள் நிற்கவில்லை. அந்த பிளெக்ஸில் படம் வராத பிள்ளைகளும் அதே விடுதியில்தான் தூங்குகிறார்கள்.

பெற்றோர் செய்யக்கூடியது அதைவிட எளிது. ஞாயிற்றுக்கிழமைப் போனில் மார்க்கைக் கடைசியாகக் கேளுங்கள். 'அங்க யார்கூடச் சேர்ந்து சாப்பிடற கண்ணு?' என்ற கேள்விக்குப் பதில் வரத் தாமதமானால், அடுத்த வாரம் வரை காத்திருக்காமல் நேரில் போய்ப் பாருங்கள்.

ஸ்பின்னிங் மில் விடுதிகளிலும் திருப்பூர் கம்பெனி ரூம்களிலும் கதை வேறு. போன் இருக்கும், நேரம் இருக்காது. நைட் ஷிப்ட் முடிந்து காலையில் வரும் பெண்ணுக்குப் பகல் நேர ஆலோசனை மையம் எதற்கு உதவும்? 14416 நடுராத்திரியிலும் எடுக்கும் என்பது அவளுக்குத்தான் அதிகம் தேவை. அறைத்தோழி ஒடிசாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வந்திருக்கலாம், தமிழ் வேலைக்கு வேண்டிய அளவு மட்டும் தெரியும். டெலி மானஸ் 20 மொழிகளில் இருக்கிறது, இந்தி, ஒடியா, வங்காளம், அசாமி உட்பட. அவளுக்கு இதை யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். எண்ணை அழுத்தி, மொழி கேட்கும்போது போனை அவள் கையில் கொடுங்கள்.

கூட இருப்பவர்களுக்கு

'நீ கவுன்சிலிங் போ' என்று சொன்னால் அது 'கீழ்ப்பாக்கம் போ' என்றுதான் காதில் விழும். சினிமாக் காமெடி அப்படிப் பழக்கியிருக்கிறது. 'நாங்க படாத பாடா', 'ஊரு உலகத்துல இல்லாத கஷ்டமா', 'சோறு தண்ணிக்குக் குறையா' என்பவையும் வேண்டாம். மாரியம்மன் நோம்பிக்கு வந்த சொந்தக்காரர் முன்னால் வைத்துக் கேட்கவே வேண்டாம். மந்திரித்துக் கயிறு கட்டுவது உங்கள் நம்பிக்கை என்றால் கட்டுங்கள், போனையும் போடுங்கள். கயிறு போனைத் தடுக்காது.

செய்ய வேண்டியது இது. தனியாக இருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: 'பத்து நாளா நீ சரியாச் சாப்பிடல தம்பி, கிரிக்கெட்டுக்கும் போறதில்ல.' பதிலுக்குக் காத்திருங்கள், நீண்ட நேரம். பிறகு, 'எங்கிட்டச் சொல்ல வேண்டாம். இந்த நம்பர்ல முன்னப்பின்னத் தெரியாத ஆள் எடுப்பாங்க, அவங்ககிட்டச் சொல்லு. நான் போட்டுத் தரட்டா?' சரி என்றால் நீங்களே அழுத்தி, ஆள் வந்ததும் 'என் தம்பி பேசணும்ங்க' என்று சொல்லிப் போனைக் கொடுத்துவிட்டு எழுந்து போங்கள். கேட்கும் தூரத்தில் நிற்காதீர்கள், கண்ணில் படும் தூரத்தில் இருங்கள். முடிந்ததும் 'என்ன சொன்னாங்க?' என்று குடையாமல் 'டீ சாப்பிடலாமா?' என்று கேளுங்கள்.

வேண்டாம் என்றால் நீங்கள் கூப்பிடுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையைப் பற்றி நீங்களே 14416-இல் கேட்கலாம், எப்படிப் பேச்சை எடுப்பது என்று சொல்லித் தருவார்கள். நண்பனுக்காக நண்பன் கூப்பிடலாம். 'யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு' என்று நண்பன் கேட்டால் மட்டும் அந்தச் சத்தியத்தைச் செய்யாதீர்கள். 'ஊரெல்லாம் சொல்லமாட்டேன், ஆனா உன்னைத் தனியா விடவும் மாட்டேன்' என்பது போதும்.

விவசாய வீடுகளுக்கு ஒன்று தனியாக. தோட்டத்து மருந்துகள் வீட்டுக்குள், மாட்டுக்கொட்டகை மூலையில் கிடப்பது நம்ம பக்கத்தில் சாதாரணம். வீட்டில் ஒருவர் வெசனத்தில் இருக்கும்போது அவை பூட்டுக்குள் போக வேண்டும், சாவி அவர் அறியாத இடத்தில். மாத்திரை டப்பாவும் அப்படியே. அந்த வேகம் பல சமயம் சில நிமிடங்களில், சில மணி நேரத்தில் தணிந்துவிடுகிறது. பூட்டு செய்வது அந்த நேரத்தைக் கடத்துவது.

நாள்காட்டியிலும் குறித்து வைக்கலாம். மே மாதம் பிளஸ் டூ, பத்தாம் வகுப்பு முடிவுகள். ஜூன் வாக்கில் நீட் முடிவு. அதன் பின் கலந்தாய்வு, கல்லூரியில் முதல் செமஸ்டர் முடிவுகள். முடிவு வரும் நாளுக்கு முந்தைய இரவே, 'துணைத் தேர்வு இருக்குது, ஒரு வருசம் வீணாகாது, எதுவா இருந்தாலும் நாளைக்கு மத்தியானம் எல்லாரும் ஒண்ணாச் சாப்பிடறோம்' என்று அப்பா வாயால் சொல்லிவிட வேண்டும். அம்மா சொன்னால் போதாதா என்றால், போதாது. பிள்ளைகள் பயப்படுவது பெரும்பாலும் அப்பாவின் மௌனத்துக்கு.

நேரில் போகச் சொன்னால்

சிலருக்குப் போனில் பேசினால் போதாது, டாக்டரைப் பார்க்கச் சொல்வார்கள். மாவட்ட மனநலத் திட்டம் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறது. தாலுகா அரசு மருத்துவமனைகளுக்கு அந்தக் குழு எந்த நாளில் வரும் என்பதை அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கோவையில் திருச்சி சாலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, ஈரோட்டுக்குப் பெருந்துறை, மற்றபடி திருப்பூர், நாமக்கல், கரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள். சீட்டும் மாத்திரையும் இலவசம்.

மாத்திரை எழுதிக் கொடுத்தால் மூன்றாம் நாளே 'ஒண்ணும் கேக்கல' என்று நிறுத்திவிடாதீர்கள். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேலை காட்ட இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டலோ மந்தமோ இருக்கலாம். தாங்க முடியாவிட்டால், அல்லது மனது முன்பைவிட மோசமாகிறது என்றால், நிறுத்துவதற்கு முன் டாக்டரையோ 14416-ஐயோ கேளுங்கள்.

புறநோயாளிப் பிரிவு காலையில்தான் நடக்கும். எட்டு மணிக்குள் போய்விடுங்கள், சீட்டு எடுக்கும் இடத்தில் 'மனநலப் பிரிவு' என்று சொன்னால் போதும், யாரும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள், பின்னால் அத்தனை கூட்டம் நிற்கும். பழைய மாத்திரைச் சீட்டு இருந்தால் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். துணைக்கு ஒருத்தர் வந்தால் நல்லது. சாப்பிட்டுவிட்டுப் போங்கள், வரிசை நகர மத்தியானம் ஆகிவிடும்.